பழைய ஆம்னி வேன் வாங்கப் போகிறீர்களா? முதலில் கால்மிதியைத் தூக்கிப் பாருங்கள்

2014-இல் என் முதல் ஆம்னியை வாங்கும்போது இன்ஜின் சத்தத்தை மட்டும்தான் காது கொடுத்துக் கேட்டேன். சமையல் காண்ட்ராக்ட் வேலை. பாத்திரம், அடுப்பு, காய்கறி மூட்டை ஏற்ற ஒரு வண்டி வேண்டும், அவ்வளவுதான். விற்றவர் சாவியைத் திருகினார். வண்டி தையல் மிஷின் மாதிரி ஓடியது. 85,000 ரூபாயை எண்ணிக் கொடுத்துவிட்டு வந்துவிட்டேன்.

மூன்றாவது மாதம் நல்ல மழை. மாட்டுத்தாவணி பக்கம் தேங்கிய தண்ணீரில் போகும்போது என் வலது கால் நனைந்தது. கண்ணாடி வழியாக ஒழுகுகிறது என்று நினைத்தேன். வண்டியை ஓரம் கட்டி ரப்பர் மேட்டைத் தூக்கினால், ஆக்சிலேட்டர் மிதிக்குக் கீழே உள்ளங்கை அகலத்துக்கு ஓட்டை. கீழே ரோடு தெரிகிறது. மேட்டுக்கு அடியில் யாரோ தார் ஷீட்டை வெட்டி ஒட்டி வைத்திருந்தார்கள்.

பட்டறைக்குக் கொண்டுபோனேன். அந்த அண்ணன் குனிந்து பார்த்துவிட்டுச் சொன்னது இன்னும் நினைவிருக்கிறது: “தம்பி, இன்ஜினைக் கடையில வாங்கலாம். தளத்தை எந்தக் கடையில போய் வாங்குவ?”

இந்த வழிகாட்டி முழுக்க அந்த ஒரு கேள்வியை வைத்துத்தான் எழுதுகிறேன். நம் ஆட்கள் பழைய வண்டி பார்க்கும் வரிசை இன்ஜின், பெயிண்ட், சீட், கடைசியில் காகிதம். ஆம்னிக்கு இதைத் தலைகீழாகத் திருப்ப வேண்டும். தளம் முதலில், இன்ஜினைக் குளிர்விக்கும் தண்ணீர் இரண்டாவது, இன்ஜின் அதற்கப்புறம். காகிதத்தை நேரில் போவதற்கு முன்பே ஆன்லைனில் பார்த்துவிடலாம்.

இதில் வரும் தொகையெல்லாம் மதுரை, திண்டுக்கல் பக்கத்து ரோட்டோரப் பட்டறைகளில் நான் கொடுத்தது, கேட்டது. சென்னை, கோவையில் கூலி கூடும். ஒரு கணக்குக்காக வைத்துக்கொள்ளுங்கள், கல்வெட்டு இல்லை.

வண்டியைப் பற்றிக் கொஞ்சம்

1984-இல் மாருதி வேன் என்ற பெயரில் வந்தது, 1988-இல் ஆம்னி ஆனது, 2019-இல் நிறுத்திவிட்டார்கள். புது விபத்துப் பாதுகாப்பு விதிகளுக்கு அந்த உடம்பு ஒத்துவரவில்லை. ஓட்டுபவரின் முழங்காலுக்கு முன்னால் ஒரு தகரம், ஒரு பம்பர், அவ்வளவுதான். வாங்குபவர் இதைத் தெரிந்துகொண்டே வாங்க வேண்டும். ஊருக்குள்ளும் பக்கத்து ஊருக்கும் சாமான் ஏற்ற நல்ல வண்டி. குடும்பத்தோடு நாற்கரச் சாலையில் 90-இல் விரட்டுவதற்கு நான் சிபாரிசு செய்ய மாட்டேன்.

796 சிசி, மூன்று சிலிண்டர். மாருதி 800 காரில் இருந்த அதே குடும்பத்து இன்ஜின். அதனால் எந்த ஊர் ஸ்பேர்ஸ் கடையிலும் சாமான் கிடைக்கும், எந்த மெக்கானிக்குக்கும் கை பழகியிருக்கும். இன்ஜின் முன் சீட்டுகளுக்கு அடியில் இருக்கிறது. சீட்டைத் தூக்கினால் வேலை பார்க்கலாம். ரேடியேட்டர் முன்னால், பம்பருக்குப் பின்னால். இரண்டுக்கும் நடுவே தண்ணீர் பைப் நீளமாக ஓடுகிறது. இந்த நீளத்தை மனசில் வையுங்கள், பின்னால் வரும். இழுப்பு பின் சக்கரத்தில். கியர் நான்கு. டயர் 12 அங்குலம்.

பழைய வண்டிகளில் கார்புரேட்டர். பிற்காலத்தில் வந்தவற்றில் எம்பிஎஃப்ஐ, அதாவது பெட்ரோலை மின்னணு முறையில் அளந்து தெளிக்கும் அமைப்பு. முடிந்தால் எம்பிஎஃப்ஐ எடுங்கள். கார்புரேட்டரை நன்றாக டியூன் பண்ணத் தெரிந்த கைகள் வருடத்துக்கு வருடம் குறைந்துகொண்டே வருகின்றன.

கிளம்பும் முன்

காலையில் போங்கள். “நான் வருகிற வரைக்கும் வண்டியை ஸ்டார்ட் பண்ணாதீங்க” என்று முந்தின நாளே போனில் சொல்லிவிடுங்கள். போய் இறங்கியதும் இன்ஜின் பக்கம் கை வைத்துப் பாருங்கள். சூடாக இருந்தால் ஏதோ ஒன்றை மறைக்கத்தான் முன்கூட்டியே ஓட்டி வைத்திருக்கிறார்கள்.

ஒரு டார்ச், ஒரு ஸ்க்ரூடிரைவர், ஒரு பழைய சாக்கு, பிரிட்ஜில் ஒட்டும் சின்னக் காந்தம் ஒன்று. இவ்வளவு போதும்.

முதல் வேலை: தளம்

ஆம்னிக்கு லாரி மாதிரி தனிச் சேசிஸ் கிடையாது. தளமும் உடம்பும் சேர்ந்துதான் வண்டியைத் தாங்குகின்றன. தளம் போனால் எலும்பு போன மாதிரி.

மேட்டை எல்லாம் எடுக்கச் சொல்லுங்கள். “ஒட்டியிருக்கு சார், எடுத்தா கிழிஞ்சிடும்” என்றால் அங்கேதான் சந்தேகம். டிரைவர் கால் வைக்கும் இடம், பக்கத்து சீட்டின் கால் பக்கம், தள்ளுகதவின் கீழ்த் தண்டவாளம், பின் சக்கரத்துக்கு மேலே வளைகிற தகரம், டிக்கிக் கதவின் அடி விளிம்பு, முன் கண்ணாடியின் கீழ் ரப்பர் ஓரம். துரு இந்த இடங்களில்தான் முதலில் குடியேறும். ஸ்க்ரூடிரைவரின் பிடியால் தட்டுங்கள். நல்ல தகரம் கணீரென்று கேட்கும். துருப்பிடித்த தகரம் அட்டையைத் தட்டிய மாதிரி சப்பென்று கேட்கும்.

அப்புறம் காந்தம். கதவின் கீழ்ப்பகுதியிலும் சக்கர வளைவிலும் ஒட்டிப் பாருங்கள். கதவின் நடுவில் கெட்டியாகப் பிடிக்கிற காந்தம் கீழே வந்ததும் வழுக்கி விழுந்தால், அந்த இடத்தில் தகரம் இல்லை, பட்டி போட்டுப் பெயிண்ட் அடித்திருக்கிறார்கள். ஒரு நாணயம் அளவு பட்டி பரவாயில்லை. ஒரு சாண் நீளம் என்றால் உள்ளே சல்லடை.

இனி சாக்கை விரித்துக் கீழே படுங்கள். வெட்கப்பட வேண்டாம், பணம் உங்களுடையது. பின் ஸ்பிரிங் பட்டையின் இரண்டு முனைகளும் உடம்போடு சேரும் இடத்தைத்தான் முதலில் பார்க்க வேண்டும். சுமை முழுவதும் அங்கேதான் இறங்குகிறது. அங்கே செதில் செதிலாக உரிந்தாலோ, வெல்டிங் மேல் வெல்டிங் இருந்தாலோ, நான் எழுந்து துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வந்துவிடுவேன். விலை எவ்வளவு குறைத்தாலும் வேண்டாம். அடிப்பக்கம் முழுக்கப் புத்தம் புதுக் கறுப்புப் பெயிண்ட் பளபளத்தாலும் அப்படித்தான். பதினைந்து வருட வண்டியின் வயிற்றுக்கு மேக்கப் போட்டிருந்தால் அதற்கு ஒரு காரணம் இருக்கும்.

நம்பர் பிளேட்டும் கொஞ்சம் கதை சொல்லும். டிஎன் 69 தூத்துக்குடி, டிஎன் 65 ராமநாதபுரம், டிஎன் 51 நாகப்பட்டினம் என்றால் உப்புக் காற்று வாங்கிய வண்டியாக இருக்கலாம். இரண்டு மடங்கு கவனம் வேண்டும். டிஎன் 43 ஊட்டி என்றால் தளத்தோடு கிளட்சையும் பிரேக்கையும் சேர்த்துப் பாருங்கள். ஆனால் நம்பரை விட முக்கியம் வண்டி என்ன ஏற்றியது என்பது. மீன் ஏற்றிய வண்டியை நான் தொடுவதில்லை. ஐஸ் உருகி உப்புத் தண்ணீர் தளத்தின் மடிப்புகளுக்குள் இறங்கி, வெளியே தெரியாமல் உள்ளிருந்து அரித்துக்கொண்டே வரும். கழுவி, சென்ட் அடித்து வைத்திருப்பார்கள். வெயிலில் நின்ற வண்டியின் கதவைச் சட்டென்று திறந்து மூக்கை உள்ளே விடுங்கள். மீன் வாடை எங்கும் போகாது.

செலவு: கால் வைக்கும் இடத்தில் மட்டும் தகரம் வெட்டி வைத்து வெல்டிங் அடிக்க 2,500 முதல் 4,000 ரூபாய். இரண்டு பக்கமும், தள்ளுகதவின் கீழும் சேர்த்து என்றால் 8,000 முதல் 15,000 வரை போகும். முழு டிங்கரிங், பெயிண்டிங் என்று இறங்கினால் 40,000-க்குக் குறையாது, 60,000-க்கும் போகலாம். அதுவே வண்டி விலையில் பாதி. எனக்கு அந்த முதல் வண்டியில் ஆன செலவு 11,500. வெல்டிங் வைக்கும்போது பேட்டரி வயரைக் கழற்றச் சொல்லுங்கள். பெட்ரோல் டேங்க் பக்கம் வேலை என்றால் டேங்கை இறக்காமல் நெருப்பைக் கொண்டுபோகவே விடாதீர்கள்.

இரண்டாவது: தண்ணீர்

ஆம்னி இன்ஜின் சாகிறது என்றால் பெரும்பாலும் தேய்ந்து சாவதில்லை, வெந்து சாகிறது. சீட்டுக்கு அடியில் மூடி வைத்த பெட்டி மாதிரி இருக்கிற இன்ஜின், ரேடியேட்டரோ முன்னால். நடுவில் ஓடும் பைப்பில் துருவோ, ரப்பர் ஹோஸில் ஒரு வெடிப்போ, காற்று அடைத்துக்கொண்டாலோ, தண்ணீர் சுற்றுவது நின்றுபோகும். மே மாதம், ஏற்றம், எட்டுப் பேர். பத்து நிமிஷம் போதும்.

இன்ஜின் குளிர்ந்திருக்கும்போதே ரேடியேட்டர் மூடியைத் திறந்து பாருங்கள். பச்சையோ சிவப்போ, கூலன்ட் நிறம் தெளிவாக இருந்தால் நல்லது. செம்மண் குளம் மாதிரி இருந்தால் வெறும் போர் தண்ணீரை ஊற்றியே ஓட்டியிருக்கிறார்கள், பைப்பெல்லாம் உள்ளே துரு. மேலே எண்ணெய் மினுங்கினால் ஹெட் கேஸ்கெட் (இன்ஜினின் தலைப்பகுதிக்கு அடியில் இருக்கும் சீல்) போயிருக்கும். அடுத்து இன்ஜினில் ஆயில் ஊற்றும் மூடியைத் திறங்கள். உள்பக்கம் மோர்க்குழம்பு நிறத்தில் ஏடு படிந்திருந்தால் ஆயிலும் தண்ணீரும் கலந்துவிட்டன.

இப்போது ஸ்டார்ட் செய்யச் சொல்லுங்கள். இங்கே பட்டறைக்காரர்கள் செய்யும் ஒரு கைவேலையைச் சொல்ல வேண்டும். வண்டி சூடாகிறது என்று போனால் சிலர் காரணத்தைத் தேட மாட்டார்கள். தெர்மோஸ்டாட்டை (சூட்டுக்கு ஏற்பத் தண்ணீரைத் திறந்துவிடும் வால்வு) கழற்றி எறிந்துவிட்டு, ஃபேனை நேரடியாகச் சாவியோடு இணைத்து, “டைரக்ட் பண்ணிட்டேன், இனி சூடாகாது” என்பார்கள். சாவி போட்ட உடனே, இன்ஜின் சில்லென்று இருக்கும்போதே ஃபேன் சுற்றினால் அந்த வேலை நடந்திருக்கிறது. ஒழுங்கான வண்டியில் சூட்டைக் காட்டும் முள் மெதுவாக ஏறி நடுவுக்கு வந்து நிற்கும். கொஞ்ச நேரம் கழித்து ஃபேன் ஓடும், தானே நிற்கும். மீண்டும் ஓடும். இந்த ஒரு சுற்றைப் பார்க்க கால் மணி நேரம் ஆகும். அதுவரை டீ சாப்பிட்டுக்கொண்டு நில்லுங்கள். விற்பவர் அவசரப்படுத்துவார், நீங்கள் அவசரப்படாதீர்கள்.

செலவுகள் இப்படி வரும். ஹோஸ் பைப்புகளும் கிளிப்பும் மாற்ற 800 முதல் 1,500. ரேடியேட்டரைக் கழற்றி அடைப்பு எடுக்க 800 முதல் 1,200. புதிதாகப் போட்டால் 3,000 முதல் 4,500. தண்ணீர் பம்ப் கூலியோடு 2,000 முதல் 3,000. தெர்மோஸ்டாட் சில நூறு ரூபாய்தான், அதைத்தான் கழற்றி எறிகிறார்கள். இதையெல்லாம் மிச்சம் பிடித்து ஹெட் கேஸ்கெட் வரைக்கும் போய்விட்டால், ஹெட்டைக் கழற்றி லேத்தில் கொடுத்து ஃபேஸிங் அடித்து, வால்வு கிரைண்டிங் செய்து மாட்ட 6,000 முதல் 10,000.

எனக்கு இதிலும் ஒரு அனுபவம் உண்டு. நத்தம் ரோட்டில் முள் சிவப்புக்குப் போனதும் நிறுத்தி, பக்கத்து வீட்டில் ஒரு குடம் பச்சைத் தண்ணீர் வாங்கி அப்படியே ஊற்றிவிட்டேன். கொதிக்கிற தோசைக்கல்லில் தண்ணீர் தெளித்த சத்தம். ஹெட் வளைந்துவிட்டது. 8,200 ரூபாய். சூடானால் இன்ஜினை நிறுத்திவிட்டு அரை மணி நேரம் மூடியைத் தொடாமல் உட்கார்ந்திருப்பதுதான் சரி. மூடியைத் திறந்திருந்தால் முகமும் வெந்திருக்கும்.

மூன்றாவது: இன்ஜின்

சைலன்சர் பக்கம் ஒருவரை நிறுத்துங்கள். ஸ்டார்ட் ஆன உடனே ஒரு குப்பென்று நீலப் புகை வந்து அடங்கினால் வால்வு சீல் போயிருக்கலாம். அது சின்ன வேலை. ஆக்சிலேட்டர் மிதிக்க மிதிக்க நீலம் வந்துகொண்டே இருந்தால் ரிங், பிஸ்டன் தேய்ந்துவிட்டது. கறுப்பு என்றால் பெட்ரோல் அதிகம் குடிக்கிறது, டியூனிங் பார்க்க வேண்டும். வெள்ளைப் புகை குளிர்காலக் காலையில் சகஜம்தான். இன்ஜின் சூடான பிறகும் விடாமல் வந்தால் தண்ணீர் எரிகிறது, முந்தைய பகுதியை மறுபடி படியுங்கள்.

ஓடிக்கொண்டிருக்கும்போது ஆயில் மூடியைத் திறந்து அதே துளைமேல் லேசாகக் கவிழ்த்து வையுங்கள். மூடி மெல்ல நடுங்கினால் சரி. குதித்துக் கீழே விழுந்தால், துளையிலிருந்து புகை தள்ளினால், இன்ஜின் இறக்கும் நாள் தொலைவில் இல்லை.

ஆனாலும் பயப்படாதீர்கள். ஆம்னியில் மிக எளிதாகச் சரிசெய்யக்கூடியது இன்ஜின்தான். ரிங், பேரிங், கேஸ்கெட் மட்டும் மாற்றினால் 15,000 முதல் 20,000. போரிங் அடித்து, பிஸ்டன் போட்டு, கிராங்க் வரை பார்த்தால் 25,000 முதல் 35,000. கொடுத்த பணத்துக்கு நாலைந்து வருஷம் ஓடும். தளத்தில் போட்ட பணத்துக்கு அந்த உத்தரவாதம் கிடையாது.

டைமிங் பெல்ட் எப்போது மாற்றியது என்று கேளுங்கள். யாருக்கும் தெரிந்திருக்காது. வாங்கியதும் மாற்றிவிடுவதே நல்லது. டென்ஷனரோடு 2,000 முதல் 2,500. அறுந்தால் வண்டி நடுரோட்டில் பொட்டென்று நின்றுவிடும், தள்ளினாலும் கிளம்பாது.

கார்புரேட்டர் வண்டி என்றால் ஆக்சிலேட்டரை விட்டதும் இன்ஜின் அணைவது, காலையில் சோக் இழுத்தும் இருமுவது, பெட்ரோல் வாடை எல்லாம் வரும். கிட் போட்டுச் சுத்தம் செய்ய 1,000 முதல் 1,800. இப்போது பங்கில் கிடைக்கும் பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால் இருக்கிறது. அதை நினைத்து உருவாக்கிய ரப்பர் இந்தப் பழைய வண்டிகளில் இல்லை. பெட்ரோல் ஹோஸை வளைத்துப் பாருங்கள். வெடிப்பு தெரிந்தால், பிசுபிசுத்தால் உடனே மாற்றுங்கள். 500 ரூபாய் வேலை. சீட்டுக்கு அடியில் சூடான இன்ஜின் மேல் பெட்ரோல் சொட்டுவது விளையாட்டில்லை.

நான்காவது: ஓட்டிப் பார்ப்பது

கிளட்ச்: ஹேண்ட் பிரேக்கை இழுத்து, மூன்றாவது கியரில் கிளட்சை மெதுவாக விடுங்கள். இன்ஜின் திணறி அணைய வேண்டும். அணையாமல் உறுமிக்கொண்டே நின்றால் பிளேட் தேய்ந்துவிட்டது. பிளேட், பிரஷர் பிளேட், பேரிங் எல்லாம் சேர்த்துக் கூலியோடு 4,500 முதல் 6,500. கேபிள் மட்டும் என்றால் 500-க்குள் முடியும்.

கியர் லீவர் கஞ்சிக்குள் கரண்டி மாதிரி ஆடினால் உடனே கியர்பாக்ஸ் போச்சு என்று நினைக்க வேண்டாம். லீவரிலிருந்து பெட்டி வரை போகும் லிங்க் கம்பிகளின் புஷ் தேய்ந்திருக்கும். கூலியோடு 1,000-க்குள் வேலை. நான் விற்பவரிடம் இதைச் சொல்லாமல் விலையை மட்டும் குறைத்து ஒரு வண்டி வாங்கிக் கொடுத்திருக்கிறேன், நண்பனுக்கு. வியாபாரம்தானே. ஆனால் ஓடும்போது குறிப்பிட்ட ஒரு கியரில் மட்டும் ஊளைச் சத்தம் வந்தால், அல்லது கியர் தானாகக் கழன்றால், அது பெட்டியைத் திறக்கும் வேலை. 6,000-க்குக் குறையாது.

40 வேகத்தில் போய் ஆக்சிலேட்டரை விட்டு மறுபடி மிதியுங்கள். கீழே ‘டக்’ என்றால் புரொப்பல்லர் ஷாஃப்ட்டின் (இழுப்பைப் பின் சக்கரத்துக்குக் கொண்டுபோகும் தண்டு) கிராஸ் இணைப்பு தேய்ந்திருக்கிறது. ஒன்றுக்குக் கூலியோடு 800 முதல் 1,000. பின்னாலிருந்து வேகத்தோடு சேர்ந்து ‘ஊஊ’ என்று வரும் சத்தம் வீல் பேரிங்காகவோ கிரவுன் பினியனாகவோ (பின் ஆக்சிலின் பல்சக்கரங்கள்) இருக்கலாம். பேரிங் 1,200 முதல் 1,800. கிரவுன் என்றால் பழைய சாமான் கடையில் முழு ஆக்சிலாகத் தேடி 8,000 முதல் 12,000.

ஆளில்லாத நேர்ரோட்டில் பிரேக்கை அழுத்திப் பிடியுங்கள். ஒரு பக்கம் இழுத்தால் காலிப்பரோ பின் வீல் சிலிண்டரோ பிடித்துக்கொண்டிருக்கும். பின் சக்கரத்தின் உள்பக்கம் எண்ணெய் வழிந்திருந்தால் ஆக்சில் ஆயில் சீல் கசிந்து பிரேக் ஷூவை நனைத்திருக்கிறது. சீலும் ஷூவும் சேர்த்து 1,500 முதல் 2,200. மாஸ்டர் சிலிண்டர் 1,500 முதல் 2,500. பிரேக் விஷயத்தில் பழைய சாமான் கடைப் பக்கம் போகாதீர்கள்.

பின் ஸ்பிரிங் பட்டையைப் பாருங்கள். சுமை ஏற்றிய வண்டிகளில் கூடுதல் பட்டை சேர்த்திருப்பார்கள். காலி வண்டி பின்பக்கம் தூக்கிக்கொண்டு நின்றால் அதுதான். மணல், சிமெண்ட் ஏற்றியிருக்கலாம். புஷ் எல்லாம் மாற்ற 1,000 முதல் 1,500, பட்டையைக் கழற்றித் தூக்கி அடிக்க 2,000 முதல் 3,000. முன்னால் பால் ஜாயின்ட், டை ராட் எண்டு, லோயர் ஆர்ம் புஷ் எல்லாம் ஒரே மூச்சில் மாற்றினால் 4,000 பக்கம் வரும். முன் டயரின் உள் ஓரம் மட்டும் வழுக்கையாக இருந்தால் இந்த வேலை காத்திருக்கிறது. டயர் ஒன்று 2,500 முதல் 3,200.

தள்ளுகதவு இறுகினால் ரோலர், 500 முதல் 1,000. செல்ஃப் மோட்டார், டைனமோ, வயரிங் எல்லாம் எந்த எலக்ட்ரீஷியனிடமும் 1,000 முதல் 2,500-க்குள் முடிகிற விஷயங்கள். இவற்றை வைத்து விலை பேசலாம். வண்டியை வேண்டாம் என்று சொல்ல இவை காரணமாகாது.

கேஸ் வண்டி என்றால்

கம்பெனியிலிருந்தே எல்பிஜியோடு வந்த ஆம்னிகள் உண்டு. வெளியில் கிட் மாட்டியவையும் உண்டு. எதுவானாலும் ஆர்சியில் எரிபொருள் இடத்தில் பெட்ரோலோடு எல்பிஜியும் இருக்க வேண்டும். டேங்குக்கு ஐந்து வருடத்துக்கு ஒருமுறை பிரஷர் சோதனை செய்த சான்றிதழ் வேண்டும். இரண்டில் ஒன்று இல்லாவிட்டாலும், கிட்டைக் கழற்றிக்கொண்டு பெட்ரோல் வண்டியாகக் கொடுங்கள் என்று சொல்லுங்கள்.

சமையல் கேஸ் சிலிண்டரிலிருந்து மோட்டார் வைத்து ஏற்றுகிற பழக்கம் இன்னும் இருக்கிறது. சட்டப்படி குற்றம் என்பது ஒருபுறம். கேஸ் காற்றைவிடக் கனமானது. கசிந்தால் மேலே போகாது, தளத்திலேயே படுத்துக் கிடக்கும். அதே வண்டியில் சாவியைத் திருகினால் ஒரு பொறி போதும். சமையல்காரன் சொல்கிறேன், கேட்டுக்கொள்ளுங்கள்.

காகிதம்

அரசின் பரிவாகன் இணையதளத்தில் வண்டி எண்ணைப் போட்டால் பதிவு தேதி, இன்சூரன்ஸ், எஃப்சி (தகுதிச் சான்று) எதுவரை, கடன் பாக்கி என்று விவரம் வரும். சொந்த வண்டியின் பதிவு 15 வருடத்துக்குத்தான். அதற்கப்புறம் ஆர்டிஓ ஆபீசில் வண்டியைக் காட்டி ஐந்தைந்து வருடமாகப் புதுப்பிக்க வேண்டும். 2022 ஏப்ரலிலிருந்து 15 வருடம் தாண்டிய காருக்குப் புதுப்பிப்புக் கட்டணம் 5,000 ரூபாய். 20 வருடம் தாண்டியதற்கு 2025 ஆகஸ்டில் 10,000 ஆக்கிவிட்டார்கள். இதற்கு மேல் பசுமை வரி, டிங்கரிங், லைட்டு, சைலன்சர் என்று வண்டியைத் தயார் செய்யும் செலவு. ஆகவே 14 வருட வண்டியும் 16 வருட வண்டியும் பார்க்க ஒரே மாதிரி இருந்தாலும் ஒரே விலை இல்லை. புதுப்பித்து முடித்த 16 வருட வண்டிதான் கையைக் கடிக்காதது.

கடன் இருந்த வண்டி என்றால் வங்கியின் தடையின்மைச் சான்றும் 35-ஆம் படிவமும் இல்லாமல் முன்பணம்கூடக் கொடுக்காதீர்கள். பெயர் மாற்ற 29, 30-ஆம் படிவங்களில் கையெழுத்து வாங்கி, 30 நாளுக்குள் உங்கள் பெயருக்கு மாற்றிவிடுங்கள். ஓப்பன் கையெழுத்துப் படிவத்தோடு கைமாறிக் கைமாறி வந்த வண்டி, ஆர்சியில் இருப்பவர் எங்கே என்றே தெரியாத வண்டி, இவை வேண்டாம். சேசிஸ் எண்ணை நேரில் பார்த்து ஆர்சியோடு ஒப்பிடுங்கள். துருவில் எண் அழிந்திருந்தால் புதுப்பிப்பின்போது பெரிய தலைவலி.

மஞ்சள் போர்டு வண்டிக்கு எட்டு வருடம் தாண்டினால் வருடா வருடம் எஃப்சி. ஓன் போர்டு வண்டியை வாடகைக்கு ஓட்டலாம் என்று யாராவது சொன்னால், விபத்து நடந்த அன்று இன்சூரன்ஸ் கம்பெனி என்ன சொல்லும் என்று கேட்டுப் பாருங்கள்.

விலை பேசுவது

நான் கேட்ட ஒரு வண்டியின் கணக்கைச் சொல்கிறேன். சொன்ன விலை 1,30,000. தளத்தில் இரண்டு இடம் வெல்டிங் 9,000. கிளட்ச் 5,500. டயர் இரண்டு 5,600. கிராஸ், பட்டை புஷ் 2,500. ஆயிரம் சிசிக்குள் உள்ள காருக்கு மூன்றாம் நபர் இன்சூரன்ஸ் 2,094, அதற்கு மேல் 18 சதவீதம் வரி, கிட்டத்தட்ட 2,470. கூட்டினால் 25,000 பக்கம். இதை ஒரு துண்டுச் சீட்டில் எழுதி அவர் முன்னாலேயே கூட்டிக் காட்டினேன். வாயால் “வேலை நிறைய இருக்கு” என்று சொன்னால் யாரும் இறங்க மாட்டார்கள்; எழுதிக் காட்டினால் பாதியாவது இறங்குவார்கள். 1,15,000-க்கு முடிந்தது.

என் இரண்டாவது ஆம்னி 62,000-க்கு வந்தது. நீலப் புகை, ஆயில் குடிக்கிறது, யாரும் வாங்கவில்லை. கொசுவத்தி மாதிரி புகைந்துகொண்டு நின்றது. ஆனால் ஒரு நோட்டுப் புத்தக மொத்த வியாபாரியின் வண்டி, காகிதக் கட்டைத் தவிர எதுவும் ஏற்றியதில்லை, ஷெட்டில் நின்றது. மேட்டைத் தூக்கினால் கம்பெனிப் பெயிண்ட் அப்படியே இருந்தது. இன்ஜினை இறக்கி 28,000 செலவு செய்தேன். ஆக மொத்தம் 90,000. அந்த வண்டியில்தான் இன்றைக்கும் முகூர்த்த வேலைகளுக்குப் போய்வருகிறேன்.

வாங்கிய முதல் மாதம்

வண்டி விலையில் ஐந்தில் ஒரு பங்கைத் தனியாக எடுத்து வைத்துவிட்டுத்தான் வாங்க வேண்டும். முதல் வாரமே இன்ஜின் ஆயில், ஃபில்டர், மூன்று பிளக், ஏர் ஃபில்டர். 1,800 முதல் 2,500. கியர் ஆயில், பின் ஆக்சில் ஆயில் இரண்டையும் மாற்றுங்கள். பல வண்டிகளில் அது பிறந்ததிலிருந்தே மாற்றாத ஆயிலாக இருக்கும். பழைய தண்ணீரை இறக்கிவிட்டு கூலன்ட் ஊற்றி, ஹீட்டாக்கி, குமிழி நிற்கும்வரை காற்றை வெளியேற்றச் சொல்லுங்கள். இதை அவசரமாகச் செய்தால் காற்று அடைத்து அன்றைக்கே சூடாகும். டைமிங் பெல்ட். பெட்ரோல் ஹோஸ். தளத்தின் மேல் ரப்பர் மேட் போடும் முன் துருவைச் சுரண்டி ரெட் ஆக்சைடு இரண்டு கோட் அடியுங்கள், 400 ரூபாய்க்கு நீங்களே அடிக்கலாம். மழைக்குப் பிறகு மேட்டை எடுத்து வெயிலில் போடுவதைப் பழக்கமாக்குங்கள்.

ஸ்டெப்னியில் காற்று இருக்கிறதா, ஜாக்கி ஏறுகிறதா என்று வீட்டு வாசலிலேயே ஒருமுறை சக்கரத்தைக் கழற்றி மாட்டிப் பாருங்கள். பின்னால் ஐந்து லிட்டர் கேனில் தண்ணீர் எப்போதும் இருக்கட்டும். கொதிக்கும்போது ஊற்ற அல்ல, ஆறிய பிறகு.